ஜீப்புக்கு எந்த சொக் போடலாம்? நூறு வருட வரலாறு சொல்லும் பதில்



பாடப் புத்தகத்தில் இதை "அதிர்வு தாங்கி" என்று எழுதுவார்கள். கராஜில் நமக்கு இது "சொக்". ஜீப், கெப், பழைய லேண்ட்ரோவர் வைத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் இதை வாங்கப் போகும்போது சொல்வது ஒரே வசனம்தான்: "காக்கா, இருக்கிறதுலயே ஹார்டான சொக்கப் போட்டு உடுங்க, வண்டி அசையப் போடாது."

இந்த வசனத்துக்குள் ஒரு பெரிய தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது சொக் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது மட்டுமே சொக்கின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள உலகத்துக்கே நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் நமது வண்டிக்கு எது பொருத்தம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வந்தது ஸ்பிரிங்

1678 இல் இங்கிலாந்து விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் ஒரு விதியை வெளியிட்டார். ஸ்பிரிங்கில் எவ்வளவு பாரம் கூடுகிறதோ அந்த விகிதத்தில் அது நீளும் அல்லது அமுங்கும் என்பது அதன் சாரம். நமது பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் இன்றும் செய்து பார்க்கும் பரிசோதனைதான் இது.

குதிரை வண்டிக்கு நல்ல ஸ்பிரிங் அமைந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு. 1804 இல் லண்டன் வண்டித் தயாரிப்பாளர் ஒபதாயா எலியட், வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கி நீள்வட்ட வடிவில் செய்த ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நமது கெப் வண்டிகளின் பின்பக்கம் இருக்கும் பிளேட் ஸ்பிரிங்குகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

தகடுகளை அடுக்கியதில் தெரியாமலேயே ஒரு நன்மை கிடைத்தது. ஸ்பிரிங் வளையும்போது தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்தன. அந்த உராய்வே துள்ளலைக் கொஞ்சம் அடக்கியது. குதிரையின் வேகத்துக்கு அது போதுமாக இருந்தது. அதனால் சொக் என்ற ஒன்று தேவை என்று எவருக்கும் தோன்றவில்லை.

1888 இல் டன்லொப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முதல் மெத்தை டயர்தான், சொக் அல்ல. பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

மோட்டார் வந்ததும் சிக்கலும் வந்தது

இயந்திர வேகம் வந்தபோது நிலைமை மாறியது. கிடங்கில் விழுந்த சக்கரத்தின் அதிர்ச்சியை ஸ்பிரிங் விழுங்கிக்கொள்ளும். ஆனால் விழுங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வண்டி மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். முதல் துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த கிடங்கு வந்துவிட்டால் துள்ளலின் மேல் துள்ளல் சேரும். சக்கரம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

ஆகவே சொக் பிறந்தது சொகுசுக்காக மட்டும் அல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்தான்.

பிரான்ஸைச் சேர்ந்த ட்ரூஃபோ என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் உராய்வால் இயங்கும் ஒரு கருவியைச் செய்தார். இரண்டு கைகள் கத்தரிக்கோல் போல ஒரு மூட்டில் இணைந்திருக்கும். மூட்டில் இறுக்கிய வட்டத் தட்டுகள் உராய்ந்து ஸ்பிரிங்கின் ஆட்டத்தைக் குறைக்கும். 1902 அளவில் பிரான்ஸின் மோர்ஸ் நிறுவனம் தனது பந்தயக் காரில் அதிர்வு அடக்கிகளைப் பொருத்தியது. ட்ரூஃபோவின் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட், 1904 இல் அதைத் தயாரிக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

உராய்வு சொக்கில் ஒரு குறை இருந்தது. சிறிய குலுக்கலுக்கு அது அசையாமல் இறுகி நிற்கும். அந்தக் குலுக்கல் நேரே இருக்கைக்கு வரும். பெரிய கிடங்கில் வேகமாக விழுந்தால் அதே பிடி போதாமல் போகும். தேவையில்லாத இடத்தில் முரடு, தேவையான இடத்தில் பலவீனம். மிதமிஞ்சி ஹார்டான சொக் போட்ட ஜீப்பில் ஏறியவர்களுக்கு இந்தக் குறையின் முதல் பாதி நன்றாகப் புரியும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கிளோட் ஃபொஸ்டர் என்பவர் "கேப்ரியல் ஸ்னபர்" என்ற கருவியை விற்றார். அதில் ஒரு பட்டி இருந்தது. ஸ்பிரிங் அமுங்கும்போது பட்டி தளர்ந்து வழிவிடும். ஸ்பிரிங் திரும்பி விரியும்போது மட்டும் பட்டி இறுகிப் பிடிக்கும். எளிய யோசனைதான், ஆனால் இதிலிருந்த பாடம் பெரியது. கிடங்கில் விழும்போது சக்கரத்தை ஓரளவு சுதந்திரமாக விடு, திரும்பி எழும்பும்போது இழுத்துப் பிடி. இன்றைய சொக்குகளும் பெரும்பாலும் அமுங்குவதை விட விரிவதையே அதிகமாகத் தடுக்கும்படி செய்யப்படுகின்றன.

ஒயில் கொண்டுவந்த மாற்றம்

உராய்வின் குறையைத் தீர்த்தது ஒயில். பிரான்ஸின் மொரிஸ் ஹூடாய், ஒயில் நிரப்பிய ஒரு சிறு அறைக்குள் தட்டு ஒன்று திரும்பும்படியான சொக்கை முதலாம் உலகப் போருக்கு முன்பே உருவாக்கினார்.

தத்துவம் இதுதான். ஒயிலைச் சிறிய துளை வழியாக மெதுவாகத் தள்ளினால் எளிதாகப் போகும். வேகமாகத் தள்ளினால் கடுமையாக எதிர்க்கும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள், கை சொல்லும். சிறு குலுக்கலுக்குச் சிறு எதிர்ப்பு, பெரிய அடிக்குப் பெரிய எதிர்ப்பு. உராய்வு சொக்கால் செய்ய முடியாததை ஒயில் தானாகவே செய்தது.

1927 டிசம்பரில் ஃபோர்ட் நிறுவனம் "மொடல் ஏ" காரை அறிமுகம் செய்தபோது நான்கு சக்கரங்களுக்கும் ஹூடாய் வகை ஒயில் சொக் பொருத்தி விற்றது. சுமார் 48 இலட்சம் வண்டிகள் அந்த மொடலில் உருவாயின. அதுவரை பணக்காரர் தனியாக வாங்கிப் பூட்டிய பொருள், சாதாரண மனிதனின் காருக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்ததுதான் இன்று நாம் காணும் நீண்ட குழாய் வடிவம். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகளும் வால்வுகளும், சுற்றிலும் ஒயில். வண்டி துள்ளும்போது பிஸ்டன் ஒயிலைத் துளைகளினூடாகத் தள்ளுகிறது. துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கிரவல் வீதியில் நீண்ட தூரம் ஓடி வந்த ஜீப்பின் சொக் தொட முடியாத அளவு சுடும். அந்தச் சூடு, நமது முதுகுக்கு வந்திருக்க வேண்டிய குலுக்கல்தான்.

போர் கொண்டுவந்த ஜீப், பண்ணை கேட்ட லேண்ட்ரோவர்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் கேட்ட சிறிய நான்கு சக்கர இழுவை வண்டிதான் ஜீப். 1941 முதல் பெருமளவில் உருவான வில்லிஸ் ஜீப்பில் நான்கு பக்கமும் பிளேட் ஸ்பிரிங்கும் குழாய் வடிவ ஒயில் சொக்கும் இருந்தன. இராணுவக் கணக்கில் அது "கால் தொன்" வண்டி. இலங்கைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1944 இல் மவுன்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. ஜீப்பில் பயணம் செய்த படைகள் நமது நாட்டிலும் நிலைகொண்டிருந்தன. இன்று எந்த நிறுவனத்தின் நான்கு சக்கர இழுவை வண்டியையும் நாம் "ஜீப்" என்றே அழைக்கிறோம்.

போர் முடிந்த பின் இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் தனது பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த எண்ணத்தின் விளைவாக 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. அதன் பிறகு நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லேண்ட்ரோவர் ஓடாத பாதை இல்லை எனலாம்.

லேண்ட்ரோவர் பாரம் சுமக்கச் செய்த வண்டி. அதனால் அதன் ஸ்பிரிங் கடினம். மூட்டை ஏற்றினால் ஓரளவு அமைதியாகப் போகும். வெறுமையாக ஓடினால் குலுக்கி எடுக்கும். அது சொக்கின் குற்றமில்லை. ஸ்பிரிங் எதிர்பார்த்த பாரம் மேலே இல்லை, அவ்வளவுதான். இன்றும் பாரத்துக்காகச் செய்த கெப் வண்டியை வெறுமையாக ஓட்டிவிட்டு "சொக் சரியில்லை" என்று மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். சொக்கை மாற்றினாலும் குலுக்கல் போகாது. காசுதான் போகும்.

மென்மையும் பலமே

முரடான வண்டிதான் முரட்டுப் பாதைக்கு ஏற்றது என்ற எண்ணத்தை உடைத்தது 1970 இல் வந்த ரேஞ்ச் ரோவர். ஸ்பென் கிங் என்ற பொறியியலாளரின் குழு அதற்குப் பிளேட்டை விட்டுவிட்டு மென்மையான சுருள் ஸ்பிரிங் போட்டது. சக்கரம் மேலும் கீழும் நீண்ட தூரம் அசைய இடம் விட்டது. பயணம் மென்மையானது. அத்தோடு இன்னொன்றும் நடந்தது. மேடு பள்ளத்தில் சக்கரம் நீண்டு இறங்கித் தரையைப் பிடித்ததால் வண்டி காட்டுப் பாதையில் மேலும் திறமையாக ஏறியது.

மென்மையான ஸ்பிரிங்கில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும். அதற்காகப் பின்னால் உயரத்தைத் தானாகச் சமன் செய்யும் ஒரு சாதனத்தையும் வைத்தார்கள். இங்கும் அதே பாடம். பாரத்துக்கு ஒரு ஏற்பாடு, துள்ளலுக்கு வேறு ஏற்பாடு.

1983 இல் லேண்ட்ரோவரும் பிளேட்டை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறத் தொடங்கியது. டொயோட்டா லேண்ட்குரூசரின் 80 வரிசை 1990 அளவில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. சவூதி, கட்டார் போய் வாகனம் ஓட்டித் திரும்பிய நமது சகோதரர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை.

சூடும் நுரையும்

ஒயில் சொக்குக்கு ஒரு எதிரி உண்டு. சாதாரண இரட்டைக் குழாய் சொக்கின் உள்ளே ஒயிலோடு கொஞ்சம் காற்றும் இருக்கும். தகரக் கூரை போல வரிவரியான கிரவல் வீதியில் பிஸ்டன் இடைவிடாமல் மேலும் கீழும் அடித்தால் ஒயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. பயணத்தின் தொடக்கத்தில் நன்றாக இருந்த வண்டி பாதி வழியில் படகு போல ஆடுவது இதனால்தான்.

பிரான்ஸ் விஞ்ஞானி பூர்சியே த கார்போன் இதற்குத் தீர்வு கண்டார். ஒரே குழாய். அதன் ஒரு முனையில் அதிக அழுத்தத்தில் நைதரசன் வாயு. வாயுவும் ஒயிலும் கலக்காமல் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன். அழுத்தத்தில் இருக்கும் ஒயில் எளிதில் நுரைக்காது. ஒற்றைச் சுவர் என்பதால் சூடும் விரைவாக வெளியேறும். ஜேர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இந்த உரிமையைப் பெற்று, 1957 இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கத் தொடங்கியது.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. ஒற்றைச் சுவரில் கல் பட்டு நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே "காஸ் சொக்தான் எப்போதும் மேல்" என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது.

1953 இல் கிழக்கு ஆபிரிக்காவில் தொடங்கிய சஃபாரி ரெலி, 1967 இல் மெக்சிக்கோவின் பாஹா பாலைவனப் பந்தயம், 1978 டிசம்பரில் தொடங்கி 2020 முதல் சவூதி மண்ணில் ஓடும் டாகர் ரெலி என்று ஒவ்வொன்றும் சொக்குக்கு ஒரு பரீட்சை மண்டபமாக அமைந்தன. வெளியே தனிப் போத்தல் பூட்டிய பெரிய சொக்குகள் இத்தகைய பாலைவன ஓட்டத்தோடு பிரபலமானவை. அந்தப் போத்தல் கூடுதல் ஒயிலையும் வாயுவையும் வைத்துச் சூட்டைத் தாங்குவதற்கு. சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வரும் ஜீப்புக்கு அது அழகு மட்டும்தான்.

சரி, நாம் எதை வாங்குவது?

இந்த வரலாற்றை நமது வீதிக்குக் கொண்டு வருவோம். கடைக்குப் போகும் முன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. டயரில் காற்று எவ்வளவு? டயர்தான் முதல் மெத்தை என்று சொன்னோம். தேவைக்கு மேல் காற்றடித்த டயரோடு எந்த சொக்கும் மென்மை தராது. வண்டியின் கதவோரத்தில் அல்லது கைநூலில் உள்ள அளவை முதலில் சரிபாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

2. அன்றாடம் என்ன பாரம்? நெல் மூட்டையும் சீமெந்தும் ஏற்றுகிறோமா, அல்லது குடும்பத்தோடு மட்டும் போகிறோமா? வண்டி பாரத்தில் தாழ்ந்து நிற்கிறது என்றால் அது ஸ்பிரிங் பிரச்சினை. முதலில் ஸ்பிரிங்கைச் சரிசெய்து, அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான சொக்கை எடுங்கள். மென்மையான ஸ்பிரிங்குக்கு மிகக் கடினமான சொக் போட்டால், அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த கிடங்கு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் ரப்பரில் அடிக்கும்.

3. எந்த வீதி, எவ்வளவு நேரம்? காபட் வீதியில் ஓடி இடைக்கிடை வயலுக்கு இறங்குபவருக்கு வண்டி நிறுவனம் சொன்ன அளவிலான நல்ல இரட்டைக் குழாய் சொக் போதும். குறைந்த அழுத்தத்தில் காஸ் சேர்த்த இரட்டைக் குழாய் வகையும் உண்டு, அது நடுவழி. பாணமை, உகந்தை, குமண என்று நாள் முழுக்கக் கிரவலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவருக்குச் சூடு தாங்கும், விட்டம் பெரிய சொக் தேவை. கற்பாறை நிறைந்த பாதை என்றால் நசுங்கும் ஆபத்தையும் யோசியுங்கள்.

4. நீளம் பொருந்துகிறதா? ஜீப்பை உயர்த்தியவர்கள் பழைய நீள சொக்கையே போட்டால் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் சொக் முழுதாக இழுபட்டு உடையும். நீளம் கூடினால் கிடங்கில் விழும்போது அடிமுட்டி உடையும். முழுதாக விரிந்த நீளம், முழுதாக அமுங்கிய நீளம் இரண்டையும் அளந்தே வாங்க வேண்டும்.

5. சோடியாக மாற்றுகிறோமா? ஒரு பக்கம் புதியது, மறு பக்கம் பழையது என்றால் வண்டி திருப்பத்தில் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் நழுவும். முன் இரண்டு அல்லது பின் இரண்டு என்று மாற்றுங்கள். ரப்பர் புஷ்களையும் பாருங்கள். பல வண்டிகளில் சத்தம் வருவது சொக்கில் அல்ல, தேய்ந்த புஷ்ஷில்தான்.

6. உண்மையிலேயே புதியதா? 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாம் பழைய வண்டிகளைத்தான் காப்பாற்றி ஓட்டினோம். பழைய சொக்கைத் திறந்து, ஒயில் மாற்றி, பெயின்ட் அடித்துப் பாவிப்பதும் நமக்குப் பழகிப் போனது. நல்ல கைத்தொழிலாளி செய்தால் அது கொஞ்சக் காலம் ஓடும். ஆனால் உள்ளே வால்வு தேய்ந்திருந்தால் ஒயில் மாற்றிப் பயனில்லை. பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் பிஸ்டன் தண்டை உற்றுப் பாருங்கள். கீறலோ துருவோ இருந்தால் அது விரைவில் ஒயில் சீலைக் கிழிக்கும். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இந்தத் துருவை இன்னும் வேகமாக்கும். தண்டைப் பாதுகாக்கும் உறை உள்ள சொக் நமக்கு நல்லது.

பழையது முடிந்துவிட்டதா என்று அறிய: குழாயில் ஒயில் வழிந்திருக்கும், டயர் ஒரே சீராகத் தேயாமல் இடைக்கிடை குழிவாகத் தேய்ந்திருக்கும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் அளவுக்கு மீறிக் குனியும், ஒரு கிடங்கு தாண்டிய பின்னும் வண்டி பல முறை ஆடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் ஒரு சட்டநெறி கொண்டுவந்தது. வாகனம், இயந்திரம் ஓட்டும் தொழிலாளியின் உடலுக்கு 8 மணி நேர வேலை நாளில் எவ்வளவு அதிர்வு போகலாம் என்று அது எல்லை விதித்தது. முதலாளி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய அளவு ஒன்று, தாண்டவே கூடாத அளவு ஒன்று. நீண்ட கால அதிர்வுக்கும் நாரி வலிக்கும் தொடர்பு உண்டு என்பது அங்கே சட்டம் ஏற்றுக்கொண்ட விடயம்.

நமது ஊரில் ஜீப், கெப், லொறி ஓட்டிப் பிழைக்கும் எத்தனை பேர் நாற்பது வயதில் நாரியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்? "வயசு போச்சு" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். வயது மட்டும்தானா காரணம்? பின் இருக்கையில் குந்தியிருக்கும் வயோதிபரும், கிரவல் வீதியால் கிளினிக் போகும் கர்ப்பிணித் தாயும் சொக்கைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஸ்டியரிங் பிடிப்பவருக்கு வீதி முன்னால் தெரியும், உடம்பை இறுக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

எனவே சொக் வாங்கும் முன் ஒரு தடவை நமது வண்டியின் பின் இருக்கையில் நாமே உட்கார்ந்து, வேறொருவரை ஓட்டச் சொல்லி, வழமையான பாதையில் போய் வாருங்கள். அதன் பிறகு "இருக்கிறதுலயே ஹார்டானது" என்று கேட்க மனம் வராது. "இந்த ஸ்பிரிங்குக்கும் இந்தப் பாரத்துக்கும் பொருத்தமானது எது?" என்றுதான் கேட்போம்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களும் வெளிநாட்டில் வாகனம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களும் கீழே உங்கள் கருத்தை எழுதுங்கள். எந்த வீதியில் எந்த வகை எவ்வளவு காலம் தாங்கியது என்று நீங்கள் சொல்வது இன்னொருவரின் காசையும் முதுகையும் காப்பாற்றும், இன்ஷா அல்லாஹ்.